பொங்கியண்ணன் காய் வாங்கப் போனது

கருக்கம்பாளையத்து வாய்க்கால் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதில் குடியிருந்தவரை ஊரார் வாய்க்கால் சாமி என்றார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. முன்பு லாரியில் மூட்டை ஏற்றி இறக்கியவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. மதியத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றுவார். கேள்வி கேட்டால் பதில் சொல்லுவார். பாதி நேரம் பதில் சொல்லாமல் ஏதாவது வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்.

அவருடைய சீடர்களில் பொங்கியண்ணன்தான் வயதில் மூத்தவர். குருவைவிட இருபத்து மூன்று வருடம் பெரியவர். விவசாயிகள் சங்கத் தலைவராகப் போராடிப் பதினேழு தடவை சிறைக்குப் போனவர். யாரும் கேட்காமலே அதைச் சொல்லுவார். எத்தனை தடவை சொன்னாலும் எண்ணிக்கை மாறாது. மனைவி செல்லாத்தாள் இறந்தபின் நான்கு வருடமாகக் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தார். குருவின் காலைத் தொட்டதில்லை. தோளில் கிடந்த பச்சைத் துண்டை இறக்கியதுமில்லை. "சாமி" என்று கூப்பிட்டதே அவர் யாருக்கும் கொடுத்திராத மரியாதை. குரு அவரைத் "தலைவரே" என்பார். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பொங்கியண்ணனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஒரு கட்டுத் துண்டறிக்கையோடு வந்தார். மை சரியாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது.

சங்கதி உழவர் சந்தையைப் பற்றியது. ஊருக்கு நடுவில் இருந்த அந்த இடத்தைப் பொங்கியண்ணன் பதினொரு வருடம் போராடி வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னால் விவசாயி விடிவதற்குள் மண்டியில் மூட்டையை இறக்க வேண்டும். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்லும் விலைக்குத் தலையை ஆட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்ப வேண்டும். சந்தை வந்தபின் விளைவித்தவனே உட்கார்ந்து விற்றான். வாங்குகிறவன் அவன் முகத்தைப் பார்த்து வாங்கினான். நூற்று நாற்பது கடைகள். தொடக்கத்தில் கால் வைக்க இடமில்லை.

இப்போது இருபத்தாறு கடைகளில்தான் ஆள். பஸ் நிலையத்துக்கு எதிரே குளிர்சாதனம் வைத்த ஒரு கடை வந்திருந்தது. ஊரார் அதைக் கண்ணாடிக் கடை என்றார்கள். அங்கே கத்தரிக்காய்க்குக்கூட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சனம் அங்கே போனது. பொதுமக்கள் வருகை குறைந்துவிட்டபடியால் இன்னும் பதினைந்து நாளில் சந்தையைப் பூட்டி வண்டி நிறுத்தும் இடமாக்கப் போவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டது.

பொங்கியண்ணனின் துண்டறிக்கை அதற்குப் பதில். சந்தை வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம்.

"ஆசி வேணுங்க சாமி. திங்கக்கிழமை உக்காருறேன். எந்திரிச்சா சந்தையோட எந்திரிப்பேன். இல்லாட்டி இல்லை" என்றார்.

குரு துண்டறிக்கையை வாங்கி, கீழே இருந்த அச்சகத்தின் பெயர்வரை விடாமல் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க."

"நாப்பது வருசமா எழுதறனுங்க."

"சந்தை ஏன் காலியாச்சு, தலைவரே?"

பொங்கியண்ணனுக்கு இது மேடை ஏறிய மாதிரி ஆகிவிட்டது. பெருமுதலாளிகளில் ஆரம்பித்தார். அரசாங்கத்துக்கு வந்தார். அதிகாரிகள் யார் யாருக்கு எதற்காக வளைந்து கொடுத்தார்கள் என்று சொன்னார். கடைசியில் சனங்களிடம் வந்து நின்றார். தரகனை ஒழித்தது யார், கள்ளத் தராசை ஒழித்தது யார், காலையில் கரும்பலகையில் விலை எழுதிப்போட வைத்தது யார் என்று கேட்டார். இத்தனையும் செய்து கொடுத்தும் அரைமணி நேரக் குளிருக்கு மயங்கிப் போய்விட்டார்களே, இது நன்றி கெட்ட சனம் என்று முடித்தார்.

குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"காய் வாங்க ஆள் வரலைன்னுதான் பூட்டறாங்க?"

"ஆமாங்க."

"அதைக் காப்பாத்த நீங்க சாப்பிடாம இருக்கப் போறீங்க."

ஓரத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஓர் ஆளுக்குப் புரையேறியது. சிரிப்பை அடக்கப் பார்த்ததில் இன்னும் ஏறியது. பொங்கியண்ணனின் முகம் இறுகிவிட்டது. போலீஸ் தடியடிக்குக்கூட அவர் முகம் அப்படி ஆனதில்லை.

"நாளைக்குக் கொட்டகைக்குக் காய் வேணும். நீங்க சந்தையில வாங்கிட்டு வாங்க. ஆசி எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றார் குரு.

சனிக்கிழமை காலையில் பொங்கியண்ணன் சந்தைக்குள் நுழைந்ததும் இருபத்தாறு கடைக்காரர்களும் எழுந்து நின்றார்கள். ஒருவர் டீ சொன்னார். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காய் வாங்க வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் தமாஷ் பேசுவது அபூர்வம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கையாக ஒரு பை நிறைய அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். காசு வேண்டாம் என்றார்கள்.

அதுதான் வழக்கம். சங்கத்துக் குழுவோடு வந்து சுற்றிப் பார்ப்பார், தராசைச் சோதிப்பார், போகும்போது வண்டியில் ஒரு பை இருக்கும். அந்தப் பை வீட்டுக்குப் போகும் வழியிலேயே தொண்டர்கள் கைக்கு மாறிவிடும். இத்தனை வருடத்தில் வாங்குகிற ஆளாக அவர் அந்தச் சந்தையில் ஒரு நாளும் நின்றதில்லை. இது அவருக்கு அன்றுதான் தோன்றியது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு விற்கிற மாதிரி எனக்கும் விற்றால் போதும் என்றார்.

வெண்டைக்காய் வைத்திருந்தவரின் முன்னால் உட்கார்ந்தார். பெரிதாக, திடமாக இருந்ததாகப் பார்த்துப் பொறுக்கினார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. எடை போட்டுக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது தக்காளி. விற்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தராசு முள் நேராக நிற்கும்வரை காத்திருந்து பையில் கொட்டினாள். கொட்டிய கையோடு அவளுடைய வலது கை, தானாகப் போவதுபோல, பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைக் குவியலுக்குப் போய் ஒரு கொத்தை எடுத்தது. எடுத்த கை அங்கேயே நின்றது. அவள் அவருடைய தலைக்கு மேலே எதையோ பார்த்தாள். கொத்தை மறுபடியும் குவியலில் வைத்துவிட்டாள்.

பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்தார். தூணில் நீலப் பலகை. வெள்ளை எழுத்து.

இங்கு கொசுறு கேட்பதும் கொடுப்பதும் குற்றம்.

அது அவர் எழுதிய வாசகம்.

கொட்டகைக்கு வந்து பையை இறக்கினார். குரு ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை மடக்கினார். அது உடையாமல் வளைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வளைந்தது.

"எல்லாம் முத்தல்."

"யாரும் சொல்லலீங்க."

"உங்ககிட்ட யார் சொல்லுவாங்க?"

பொங்கியண்ணன் உட்கார்ந்தார். பிறகு, வழியெல்லாம் கூடவே வந்த அந்தக் கையைப் பற்றிச் சொன்னார். குவியல்வரை போய் நின்ற கை. குரு, பலகை வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று சொல்வதற்கு அவருக்கு அன்று முதல்தடவையாகக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நாலரை வருடத்துக்கு முந்தைய கதை. காய் வாங்கி முடித்ததும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய், ஒரு பிடி மல்லித்தழை என்று சனங்கள் கேட்பதையும், விவசாயிகள் கொடுப்பதையும் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆத்திரம் வந்தது. தரகனிடமிருந்து மீட்ட விளைச்சல் பிடிபிடியாகப் போகிறதே என்று நினைத்தார். 'கொசுறு என்பது உழவனின் வியர்வையில் வாங்கும் லஞ்சம்' என்று துண்டறிக்கை போட்டார். அந்த வரிக்குக் கூட்டத்தில் கை தட்டினார்கள். பலகை வந்தது. சந்தையில் கை நீட்டுவது நின்றது. தராசு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஒருத்தி மட்டும் நிறுத்தவில்லை. பாவாயி. ஓலவலசுக்காரி. அரை ஏக்கரில் கீரை போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எச்சரித்தும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை நிரம்பியிருந்த நேரத்தில், எல்லோர் முன்னாலும் பொங்கியண்ணன் அவளிடம் உழவர் அட்டையைக் கேட்டார். அது இல்லாமல் சந்தையில் கடை போட முடியாது. அவள் அழவில்லை. மடியிலிருந்து அட்டையை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"தராசு உங்களுதுங்க தலைவரே. கை என்னோடது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னதை இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்டுப்பாட்டை மீறியவள் ஒருத்தியை வெளியேற்றினோம் என்று மட்டும் சங்கத்தின் ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்.

"அந்தம்மா இப்ப எங்கே?" என்றார் குரு.

"தெரியலீங்க."

"தேடலையா?"

"தேடலீங்க."

குரு முற்றலில்லாத வெண்டைக்காய் ஏதாவது தேறுமா என்று பொறுக்க ஆரம்பித்தார். "திங்கக்கிழமைக்கு முன்னால இன்னும் ஒரு நாள் இருக்குதுங்களே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொங்கியண்ணன் பஸ் ஏறி ஓலவலசுக்குப் போனார். கீரைக் காடு இருந்த இடத்தில் வரிசையாகக் கல் நட்டு, வீட்டு மனை என்று கொடி கட்டியிருந்தார்கள். பாவாயி புறவழிச் சாலையில் கண்ணாடிக் கடைக்காரரின் கிடங்கில் வேலை பார்ப்பதாகப் பக்கத்தில் சொன்னார்கள். அங்கே போனார். வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். ஆட்சியரே எழுந்து நின்று வரவேற்ற மனிதர். வாயைத் திறக்காமல் நின்றார்.

இடைவேளையில் பாவாயி வெளியே வந்தாள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் உறை. உள்ளே நாள் முழுதும் கீரையைக் கழுவி, வேரை நறுக்கி, ரப்பர் வளையம் போட்டு உறையில் அடைக்கிற வேலை. அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க தலைவரே" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு அது பழகிய சாமான்.

அன்றைக்கு அவளை "நீ" என்றவர் இன்றைக்கு "நீங்க" என்றார். பலகையைக் கழற்றிவிடுகிறேன், அட்டையை நானே வாங்கித் தருகிறேன், சந்தைக்குத் திரும்பி வாருங்கள் என்றார். பாவாயி சிரித்தாள். அட்டையை வைத்துக்கொண்டு எதை விற்பது என்று கேட்டாள். கீரை ஒரு நாளைக்கு மேல் நிற்காத சரக்கு. ஒரு வருடம் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். கால் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் காட்டை மனைக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்:

"அக்கா எப்படி இருக்காங்க?"

"எந்த அக்கா?"

"செல்லாத்தா அக்கா. உங்க வீட்டம்மா."

பொங்கியண்ணன் அவளையே பார்த்தார். "அவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாக்கிழமை தவறாம என்கிட்டத்தான வருவாங்க. வருசக்கணக்கா. தலைவர் சம்சாரம்னு தெரிஞ்சா யாரும் காசு வாங்க மாட்டாங்கன்னு, யார்கிட்டயும் சொல்லாதே பாவாயின்னு சொல்லி வச்சிருந்தாங்க."

பிறகு அவள் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டார். பாவாயி சந்தையில் இருந்த கடைசி ஆறேழு மாதம் செல்லாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். வாரா வாரம் பாவாயி ஒரு பிடி மணத்தக்காளிக் கீரையைப் பையின் மேலாக வைத்து விடுவாள். அதற்குக் காசு கிடையாது. அதை வைக்கிற சாக்கில் இந்த வாரம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். கீரையை நம்பிக்கொண்டு இருக்காதே அக்கா, டாக்டரிடம் போ என்றும் சொல்வாள். அவருக்கு மாநாடு இருக்கிறது, முடியட்டும் என்று செல்லாத்தாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நான்தாங்க சொன்னேன். அடுத்த செவ்வாக்கிழமை வாங்க, கடையைப் பக்கத்துல பாத்துக்கச் சொல்லிட்டு நானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு. சரின்னாங்க. நடுவில ஞாயித்துக்கிழமை நீங்க அட்டையை வாங்கிட்டீங்க." பாவாயி கையுறையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வீடு எங்கேன்னு எனக்குத் தெரியாதுங்க. கேக்கணும்னு தோணினதே இல்ல. அதான் வாரா வாரம் பாக்கறமேன்னு. அந்தச் செவ்வாக்கிழமை வந்து பாத்துட்டுப் போயிருப்பாங்க. இப்ப பரவாயில்லீங்களா?"

பொங்கியண்ணன் சொன்னார்.

பாவாயி கையுறையைக் கழற்றினாள். வெறுங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மணி அடித்தது. நேரமானால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, உறையை மாட்டிக்கொண்டே போனாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவர் கேட்காமலே திரும்பினார். மேடையில் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடியவர்.

ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று செல்லாத்தாளின் கடைசி நாட்களில் டாக்டர் சொன்னது நினைவிருந்தது. அவ யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை என்று இழவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னதும் நினைவிருந்தது. நான்கு வருடமாக அதையே சொல்லி வந்திருந்தார். சொல்லும்போது அவள்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அந்த வாக்கியத்தை மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதியிலேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலையில் சந்தை வாசலில் பந்தல் போட்டிருந்தது. மைக் கட்டியிருந்தது. மாலை வந்திருந்தது. பொங்கியண்ணன் பந்தலுக்குள் போகவில்லை. நேரே தூணுக்குப் போய், ஒரு காய்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, பலகையைக் கழற்ற ஆரம்பித்தார். ஆணி துருப்பிடித்திருந்தது. உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றார். கழற்றி முடிக்கும்போது கையில் ரத்தம் வந்திருந்தது. யாரும் கை தட்டவில்லை. தக்காளிக்காரி மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உண்ணாவிரதம் இல்லை, பந்தலைப் பிரித்துவிடுங்கள் என்றார். குழுவில் இருந்தவர்கள் காரணம் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. தலைவருக்கு வயதாகிவிட்டது என்றார் ஒருவர். கண்ணாடிக் கடைக்காரன் எங்கேயோ பேசி முடித்துவிட்டான் என்றார் இன்னொருவர், அவர் காதில் விழும்படியாகவே. பதினேழு தடவை சிறைக்குப் போனவரை விலை போனவன் என்று அவர் கட்டிய சந்தையிலேயே சொன்னார்கள். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

கொட்டகைக்கு வந்தபோது குரு தனியாக இருந்தார். பொங்கியண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை பெருமுதலாளிகள் வரவில்லை, அரசாங்கம் வரவில்லை. ஆகவே சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. குரு அவர் கையில் இருந்த காயத்தைக் கழுவித் துணி சுற்றினார்.

"பூட்டறதுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குங்க. நான் என்ன பண்ணட்டும் சாமி?"

"காய் வாங்குங்க."

"நான் ஒருத்தன் வாங்கினா சந்தை நின்னுடுமா?"

"நிக்காது."

பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்தார்.

"என்ன வாங்கட்டும்?"

"உங்க வீட்டம்மாவுக்குப் புடிச்ச காய்."

அவர் வாசல்வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருடம் அவள் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டவர்.

"அது என்னன்னு எனக்குத் தெரியாதுங்க சாமி."

"சந்தையில கேளுங்க" என்றார் குரு. "யாருக்காவது தெரிஞ்சிருக்கும்."